மாதா நின்ற வீடு

எங்கள் பள்ளிக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்ற செய்தி எனக்குச் சுற்றிவளைத்துத்தான் வந்தது. வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் புடவைக் கடையில் என்னோடு நிற்கிற பிள்ளை ஒருத்தியின் மாமி கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். மாமிக்கு வாட்ஸ்அப்பில் வந்ததை அவள் தன் போனில் காட்டினாள்.

“அக்கா, நீங்க படிச்ச கொன்வென்ட் இதுதானே?”

இந்த டிசம்பரோடு கடைசி என்று இருந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், கற்பிக்க இருந்த சிஸ்டர்மார் குறைந்துவிட்டார்கள், இனி நடத்த வழியில்லை. மூடும் நாளன்று காலையில் நன்றித் திருப்பலி, பழைய மாணவிகள் அனைவரும் வரவேண்டும்.

“ஓம், இதுதான்,” என்று சொல்லிவிட்டு, விரித்துக் கிடந்த ஒரு சேலையை மடித்தேன். மடித்ததையே திரும்ப விரித்து மடித்தேன். அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பயம். இனி அதை யாரிடம் போய்க் கொடுப்பேன்?

அது ஒரு மாதா சுரூபம். ஒன்றரை அடி உயரம், நீலச் சால்வை, கூப்பிய கை. கொட்டாஞ்சேனை கொன்வென்ட்டின் ஒன்பதாம் வகுப்புக்குச் சொந்தமானது. ஒரே ஒரு இரவு வைத்திருந்துவிட்டு மறுநாள் காலையில் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். முப்பத்தெட்டு வருஷமாக என்னிடமே இருக்கிறது.

ஒக்டோபர் செபமாலை மாதம். அந்த மாதத்தில் ஒவ்வொரு வகுப்பின் மாதாவும் அந்தந்த வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போவார். காலையில் வரவு கூப்பிடும் இடாப்பில் பெயர் இருக்கும் ஒழுங்கில், ஒரு நாளைக்கு ஒரு வீடு. பின்னேரம் பிள்ளை ஒரு கூடையில் வைத்துக் கொண்டுபோகும். வீட்டில் எல்லோரும் இருந்து, அயலவர்களையும் கூப்பிட்டு, செபமாலை சொல்வார்கள். காலையில் அடுத்த பிள்ளையின் கைக்குப் போகும்.

நாங்கள் சைவம். சைவப் பிள்ளைகளின் பெயர் வரும்போது சிஸ்டர் தாண்டிப் போய்விடுவார். அதில் ஒருவருக்கும் கோபம் இருந்ததில்லை. ஆனால் அந்த வருஷம் அம்மா தானாகவே பள்ளிக்கூடத்துக்கு வந்து எங்கள் வகுப்பு சிஸ்டரிடம் கேட்டார். அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா வீட்டை விட்டு வெளியே வந்ததே அன்றுதான்.

“எங்கட வீட்டுக்கும் ஒருக்கா அனுப்புங்கோ சிஸ்டர். வந்திட்டுப் போகட்டும்.”

சிஸ்டர் அம்மாவின் வெறும் நெற்றியைப் பார்த்தார். “புதன்கிழமை வருவா. வீட்டில எல்லாரும் நில்லுங்கோ,” என்றார்.

புதன்கிழமை கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த தூரம் முழுக்க, விழுந்துவிடுவேனோ என்ற நினைப்புத்தான். நான் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். மழை வந்தால் கூரை போய்விடும், அம்மா கடைக்குப் போய் வர நேரமானால் பஸ் அடித்திருக்கும். அன்றைக்கு ஒன்றும் விழவில்லை. அம்மா சாமித் தட்டைக் கழுவி, பிள்ளையாரைக் கொஞ்சம் தள்ளி வைத்து, நடுவில் மாதாவுக்கு இடம் விட்டிருந்தார். விளக்கேற்றினோம். பக்கத்து வீட்டு வேதக்கார அன்ரி வந்து செபமாலை சொன்னார். அம்மாவும் தம்பியும் நானும் தெரிந்த அளவுக்குக் கூடச் சொன்னோம். அன்ரி போன பிறகுதான் அம்மா குங்குமச் சிமிழை எடுத்தார். அப்பா போன நாளிலிருந்து அது திறக்கப்படாமல் இருந்தது.

“பொம்பிளை ஒருத்தி வீட்டுக்கு வந்தா பொட்டு வைக்காம அனுப்பலாமே? வை.”

“நீங்களே வையுங்கோ அம்மா.”

“நான் வைக்கக் கூடாது. நீ வை.”

வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமம். நல்ல வட்டமாக வந்தது. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா சோறு போட்டு எங்களோடு இருந்து சாப்பிட்டார்.

காலையில் கூடையில் வைக்க எடுத்தபோதுதான் எனக்கு விளங்கியது. வேதக்கார மாதாவுக்கு நெற்றியில் பொட்டு. இதைக் கொண்டுபோய் வகுப்பில் எப்படிக் கொடுப்பது? ஈரத் துணியால் துடைத்தேன். குங்குமம் இரவோடிரவாகச் சுரூபத்தின் சுண்ணச்சாந்துக்குள் ஊறியிருந்தது. உடுப்புச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். வட்டமாக இருந்தது நெற்றி முழுக்கப் பரவி இளஞ்சிவப்பாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தபோது இடது புருவத்தில் பாதி துணியோடு வந்துவிட்டது.

மாதாவைத் திரும்பச் சாமித் தட்டிலேயே வைத்துவிட்டு, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பயத்தில் உடம்பு உண்மையிலேயே சுட்டது. அடுத்த நாளும் போகவில்லை. சனிக்கிழமை சிஸ்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் வெள்ளை உடுப்பைக் கண்டதும் நான் குசினிக்கு ஓடி, அரிசிச் சாக்குக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். அம்மாவும் பொய் சொன்னார்: “மகள் கடைக்குப் போட்டா சிஸ்டர்.” பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் சத்தம் கேட்டது. சிஸ்டர் போய்விட்டார்.

“என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“ஒண்டும் சொல்லேல்ல. சாமித் தட்டுக்கு முன்னால நிண்டு கும்பிட்டா. தேத்தண்ணி குடிச்சா. போட்டா.”

“மாதாவைக் கேக்கேல்லையா?”

“கேக்கேல்ல.”

அதுதான் என்னை முடித்துப்போட்டது. ஏசியிருந்தால் ஏச்சு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். கேட்காமல் போனால் என்ன அர்த்தம்? இந்தச் சுரூபம் இனி ஒன்றுக்கும் உதவாது என்றா? இப்படிச் செய்த பிள்ளை இனி வரவேண்டாம் என்றா? திங்கட்கிழமையும் போகவில்லை. அம்மா இரண்டு தரம் சொன்னார், மூன்றாம் தரம் சொல்லவில்லை. வீட்டு நிலைமைக்கு நான் நின்றது வசதியாகவும் இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை. தை மாதம் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். இன்றைக்கும் கடைதான்.

மாதா எங்களோடேயே இருந்தார். அம்மா சாகும் வரை பிள்ளையாருக்குப் பூ வைத்த கையாலேயே அவருக்கும் வைத்தார். நான் கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்தபோதும் கூட வந்தார். ஒவ்வொரு பின்னேரமும் விளக்கு வைத்துவிட்டு அன்றைய பயங்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். மகளுக்குக் காய்ச்சல், கடையில் ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்ற கதை, நெஞ்சில் ஒரு குத்து, ஒருவேளை அது வாய்வாகவும் இருக்கலாம். சொல்லி முடித்தால் நித்திரை வரும். ஆனால் வேதக்கார ஆட்கள் யாராவது வீட்டுக்கு வந்தால் சுரூபத்தின் மேல் ஒரு துவாயைப் போட்டுவிடுவேன். ஒவ்வொரு ஒக்டோபரிலும் இந்த வருஷம் கொண்டுபோய்க் கொடுத்துவிடவேண்டும் என்று நினைப்பேன். கொட்டாஞ்சேனைப் பக்கம் பஸ்ஸில் போனால், கொன்வென்ட் வரும்போது மற்றப் பக்கம் பார்ப்பேன்.

இப்போது ஒக்டோபரும் முடிந்து, பள்ளிக்கூடமும் முடியப்போகிறது.

“கூரியரில அனுப்பலாமே,” என்றார் என் கணவர்.

“உடைஞ்சா?”

“அப்ப நானே கொண்டுபோய்க் கேட்டில குடுத்திட்டு வரட்டே?”

“யார் தந்ததெண்டு கேட்டா என்ன சொல்லுவீங்கள்?”

“உண்மையைச் சொல்லுவன். என்ட மனிசி கள்ளி எண்டு.”

அவர் சிரித்துவிட்டுப் பேப்பரைப் பார்க்கத் தொடங்கினார். அவர் பகிடியாகச் சொன்ன அந்தச் சொல்தான் அத்தனை வருஷமும் எனக்குள் இருந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் என்னை அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

கடைசி நாளன்று மாதாவை இரண்டு துவாய்களில் சுற்றி, பயணப் பையில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். கொண்டக்டர் மேலே உள்ள தட்டைக் காட்டி, “அக்கே, பேக் எக்க உட தியன்ன,” என்றான். “எப்பா மல்லி, எப்பா,” என்று மறுத்து, பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். ஒவ்வொரு பிரேக்குக்கும் பைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன்.

கேட்டுக்கு வெளியே அச்சாறு விற்கும் முஸ்லிம் நானா எப்போதும்போல் வண்டியோடு நின்றார். நான் படித்தபோது அவருடைய வாப்பா அதே இடத்தில் விற்றவர். நானா அன்றைக்கு அச்சாற்றைச் சும்மா கொடுத்துக்கொண்டிருந்தார். வெள்ளை யூனிபோர்மில் நின்ற பிள்ளைகள் ஒருத்தியின் முதுகில் ஒருத்தி பேனையால் கையெழுத்து வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு வாய் அச்சாறும் தின்றுகொண்டு, அழுதுகொண்டும் இருந்தார்கள்.

“சும்மா குடுக்கிறீங்களா நானா?” என்று கேட்டேன்.

“இந்த கேட் பூட்டினா நமக்கு என்ன ஈக்கி மகள். டியூஷன் கிளாஸ் வாசல்ல போய் நிக்கச் சொல்றாங்க. அங்க புள்ளைகள் தலைய நிமித்துறதே இல்ல, போன்தான் பாக்குதுகள்.” கடதாசிச் சுருள் ஒன்றை என் கையில் வைத்தார். “நீங்க எந்த வருஷம்?”

வெளியேறிய வருஷம் என்று ஒன்று எனக்கு இல்லை. சிரித்துவிட்டு உள்ளே போனேன்.

உள்ளே, பத்தாம் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தி டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு வேறு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டதாம். ஆனால் இந்த டீச்சர் அங்கே இல்லையே என்று அழுதாள். டீச்சரும் அழுதார். பிள்ளைகள் இருந்து படித்த வாங்குகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும் என்று ஒவ்வொன்றிலும் துண்டு ஒட்டியிருந்தது. கரும்பலகைகளில் இருந்ததை யாரும் அழிக்கவில்லை. ஒரு வகுப்பில் பாதியில் நின்ற கணக்கு ஒன்று அப்படியே இருந்தது. நான் படித்த வகுப்பின் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அதைக் களஞ்சிய அறையாக மாற்றியே பல வருஷம் ஆகியிருக்கும்.

ஒபிஸ் அறைக்கு முன்னால் நீண்ட வரிசை. எல்லோரும் நிற்கிறார்களே என்று நானும் போய் நின்றேன். முன்னால் மேசையில் இளம் சிஸ்டர் ஒருவர் இருந்தார், பேச்சில் மன்னார் தெரிந்தது. மேசை முழுக்கச் சுரூபங்கள், சிலுவைகள், கண்ணாடி போட்ட திருஇருதயப் படங்கள். வகுப்பறைகளில் இருந்து கழற்றியவை. மந்திரித்த பொருள்களை எறியக்கூடாது, வீடுகளுக்குத்தான் கொடுக்கவேண்டும். ஆகவே வரும் ஆட்களுக்குக் கேட்டுக் கேட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, உங்களுக்கு எது வேணும்? பெரிய சிலுவை ஒண்டு இருக்குது. சுவர் உரமான வீடுதானே?”

“எனக்கு ஒண்டும் வேண்டாம் சிஸ்டர். நான் குடுக்க வந்தனான்.” துவாயை அவிழ்த்தேன். “இது உங்கட.”

சிஸ்டர் மாதாவைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார். “ஐயோ அக்கா, இருக்கிறதுகளையே நான் காலையில இருந்து ஆள் பிடிச்சுக் குடுக்கிறன். நீங்கள் இன்னும் ஒண்டு கொண்டு வாறீங்களே.”

பின்னால் சிரித்தார்கள். பாடமாக்கி வந்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன. “முப்பத்தெட்டு வருஷமா என்னட்ட இருந்தது. ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாளைக்கெண்டுதான்...” என்று தொடங்கி, எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் பொட்டு, சவர்க்காரம், புருவம் எல்லாம் சொன்னேன்.

எனக்கு இரண்டு ஆளுக்குப் பின்னால் நின்ற பெண் ஒருத்தி வரிசையை விட்டு முன்னால் வந்தாள். தலைக்குக் கறுப்பு மை, மூக்குக் கண்ணாடி, நல்ல பருமன். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, மாதாவின் சால்வை நுனியில் உடைந்திருந்த இடத்தை விரலால் தடவினாள்.

“இது நான் உடைச்சது,” என்றாள். “உன்ட முறைக்கு முதல் கிழமை. மேசையில இருந்து விழுத்திட்டன். சிஸ்டருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.” பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். “நீ நல்லா வத்திப்போனாய் அடி.”

எனக்கு அடுத்ததாக இடாப்பில் இருந்தவள். அந்த வியாழக்கிழமை காலையில் மாதாவை வாங்கக் காத்திருந்தவள். வரக்கூடாது என்று நான் பயந்து பயந்து வந்த ஆளே அவள்தான்.

“உனக்குத் தரவேண்டியது,” என்றேன். “நான் களவெடுக்கேல்ல. உண்மையாச் சொல்றன், நான்...”

“யார் களவு எண்டது?”

“நீங்க எல்லாரும் அப்பிடித்தானே நினைச்சிருப்பீங்கள்.”

அவள் என்னைக் கையில் பிடித்து இழுத்துப்போய் விறாந்தைத் திண்ணையில் இருத்தினாள். மாதாவை நடுவில் வைத்தாள். அங்கே இருந்துதான் சொன்னாள்.

அந்தத் திங்கட்கிழமை சிஸ்டர் வகுப்புக்கு வந்து, மாதா திரும்பி வரமாட்டார் என்று சொன்னாராம். “அவ அந்த வீட்டில கொஞ்ச நாள் நிக்கப் போறா. அந்த வீட்டுக்கு அவ இப்ப தேவை. ஒருத்தரும் போய்க் கேக்கக் கூடாது, அந்தப் பிள்ளை வெக்கப்படும்.” மிச்சம் இருந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு படம் போனதாம்.

“படமோ, கலண்டர்ப் படமடி. கீழ பெப்ரவரி மாசம் இருந்தது, அதைக் கத்திரிக்கோலால வெட்டிப்போட்டுக் குடுத்தவ. என்ட அம்மா எங்கட லேன் முழுக்கச் சொல்லி வச்சவ, மாதா வாறா மாதா வாறா எண்டு. நான் கலண்டரைக் கொண்டுபோறன்.”

“ஏசினவவா?”

“ஏசாம? ஆனா பிறகு கேட்டவ, ஏன் வரேல்ல எண்டு. சொன்னன். தகப்பன் செத்த வீடு, அங்க நிக்கிறா எண்டு. எங்கட வீட்டில பிறகு ஒவ்வொரு நாளும் செபமாலை முடிய, மாதா நிக்கிற வீட்டுக்காக ஒரு அருள் நிறைந்த மந்திரம். வகுப்பிலயும் அப்பிடித்தான். ஓ.எல். சோதனை வரைக்கும். உங்கட வீட்டுக்காக வேண்டி வேண்டி எங்களுக்கு வாய் நொந்து போச்சு. இப்ப வந்து களவெடுக்கேல்ல எண்டு சத்தியம் பண்றாய்.”

அவள் கைப்பையில் திசு தேடினாள். நான் ஏற்கெனவே சேலைத் தலைப்பை எடுத்துவிட்டேன்.

மாதாவின் நெற்றியில் இருந்த பொட்டுக் கறையை அன்றைக்கு சிஸ்டர் பார்த்தார்தானே, அதைப் பற்றி ஏதும் சொன்னாரா என்று கேட்டேன்.

“அதைப் பற்றி மூச்சும் விடேல்ல. நீ இண்டைக்கு வரிசையில நிண்டு சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

சிஸ்டர் காலமாகிப் பல வருஷம் ஆகிவிட்டதாம். நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் அங்கே இல்லை.

ஒன்றை எழுதாமல் விடமுடியாது. யாராவது ஒருத்தி வந்து கையைப் பிடித்து இழுத்திருந்தால் நான் பள்ளிக்கூடம் போயிருப்பேனோ என்று அந்த விறாந்தைத் திண்ணையில் இருந்தே நினைத்தேன். வெட்கப்படுவேன் என்று என்னை விட்டுவிட்டார்கள். நானோ, ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்து விலகிப் போனேன். அந்தக் கணக்கு நேராகாது. ஆனாலும் இத்தனை வருஷமும் கள்ளி என்று சொல்வதாக நான் நினைத்த வாய்கள் எல்லாம், என் வீட்டுக்காக வேண்டிக்கொண்டிருந்திருக்கின்றன. அப்பா போன அந்த வருஷம் நாங்கள் மூன்று பேரும் எப்படித் தப்பினோம் என்று அம்மா அடிக்கடி கேட்பார். அம்மாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் துக்கம்.

திருப்பலி மண்டபத்தில் நடந்தது. நின்ற இடத்தில் அசைய இடமில்லை. சாமியார் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அவரால் பேச முடியவில்லை. முடிந்ததும் அதிபர் சிஸ்டர் வெளியே போய் மணி அடித்தார், கடைசித் தரம். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் ஒழுங்கு செய்யவில்லை. மணி கேட்டதும் பிள்ளைகள் முற்றத்தில் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் பழைய மாணவிகளும் அவரவர் ஆட்களோடு நின்றோம். நரைத்த தலையும் மூட்டு வருத்தமுமாக, முன்னால் நிற்பவளின் தோளுக்குக் கை நீட்டி இடைவெளி பார்த்துக்கொண்டு. நான் எங்கே நிற்பது என்று பார்த்தேன்.

“எங்க போறாய், இஞ்ச நில்லு,” என்று அவள் என்னைத் தனக்கு முன்னால் நிறுத்தினாள். எங்கள் வகுப்பில் இருந்து ஐந்து பேர் வந்திருந்தோம். “குடு இப்ப. முறையாக் குடு.”

“எது முறை?”

“காலையில குடுக்கேக்க என்ன சொல்லுவம்? ராத்திரி வீட்டில நடந்த ஒரு நல்லது சொல்லவேணும். அதுக்குப் பிறகுதான் மற்றவ கை நீட்டுவா. மறந்திட்டியா?”

மறந்துதான் போயிருந்தேன். அப்பா நேரத்தோடு வந்தார், தம்பிக்குச் சளி குறைந்தது, மீன் மலிவாகக் கிடைத்தது என்று பிள்ளைகள் சொல்வார்கள். சின்ன விஷயம் போதும். ஆனால் ஒன்று சொல்லாமல் கொடுக்க முடியாது.

மற்ற நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் நடந்த நல்லதில் எதைச் சொல்வது? மகள் படித்தாள், வேலைக்குப் போகிறாள். கணவர் நல்ல மனுஷன். வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

“நான் பயந்த ஒண்டும் நடக்கேல்ல,” என்றேன். “நடந்தது எல்லாம் நான் பயப்பட மறந்ததுகள். எல்லாத்துக்கும் வீட்டில அவ நிண்டவ. நல்லாப் பார்த்தவ. அவ்வளவுதான்.”

“போதும், போதும். மழை வரப்போகுது,” என்று அவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். கையில் இருந்து போன பாரம் அவ்வளவு இல்லை, நாலைந்து கிலோ இருக்கும். ஆனாலும் நான் கை இரண்டையும் நீட்டியபடியே நின்றேன். அவள் த்ரீவீலர் பிடித்து, மாதாவை மடியில் வைத்துக்கொண்டு, தெமட்டகொடையில் உள்ள தன் வீட்டுக்குப் போனாள். நான் வெறும் பையோடு கேட்டில் நின்றேன். பிள்ளைகள் வெளியே வர மாட்டோம் என்று இன்னும் முற்றத்தில் நின்றார்கள். சிஸ்டர்மார் அவர்களை விரட்டவில்லை. எனக்குப் பஸ் வரும் வரைக்கும் கேட் பூட்டப்படவில்லை.

அன்று பின்னேரம் வீட்டில் விளக்கு வைத்தபோது பயங்களை யாரிடம் சொல்வதென்று தெரியாமல் பிள்ளையாரிடம் சொன்னேன். அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. இரண்டு தரம் தெமட்டகொடைக்கு போன் எடுத்தேன்.

“மாதா சுகமா இருக்கிறா,” என்றாள் அவள் இரண்டாம் தரம். “இனி எடுத்தா போனை நிப்பாட்டிப் போடுவன்.”

காலையில் அவளே எடுத்தாள். “சரி. எனக்கு அடுத்தது யார்?”

“என்ன அடுத்தது?”

“இடாப்பில எனக்குப் பிறகு யார்? நான் குடுக்க வேண்டாமே?”

“ஒக்டோபர் இல்லையே.”

“முப்பத்தெட்டு வருஷம் பிந்தி வந்தவ மாசம் பார்க்கிறா.”

நான் சொன்னேன். அவளுக்கு அடுத்தவள், அதற்கு அடுத்தவள், சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்து, கடைசிப் பெயர் வரைக்கும் நிற்காமல் சொன்னேன்.

“உனக்கு எப்பிடியடி இவ்வளவும் நினைவு?”

“நீங்க எல்லாம் பிறகு வேற வேற இடாப்புக்குப் போனனீங்கள். எனக்கு இது ஒண்டுதானே.”

ஒவ்வொருத்தியாகப் பார்த்தோம். அடுத்தவள் கனடாவில். அதற்கு அடுத்தவள் தவறிவிட்டாள், எனக்கு அது அப்போதுதான் தெரியும். பிறகு டென்மார்க். பிறகு ஒருத்தி, சிங்களப் பெடியன் ஒருவனைக் கட்டிக்கொண்டு நுகேகொடைக்குப் போனவள். அதற்குப் பிறகு அவளுக்கு எங்களில் யாரோடும் தொடர்பில்லை. மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் வீடு என்று மட்டும் இவளுக்குத் தெரியும்.

“பள்ளிக்கூடம் மூடினதே அவளுக்குத் தெரியாதாக்கும்,” என்றாள். “தமிழ் கதைப்பாளோ என்னவோ.”

“கதவு திறக்காட்டி?”

“திறக்காட்டி அதுக்கு அடுத்த வீடு.”

“நான் கட்டாயம் வரவேணுமா?”

“நீதானே இடாப்பு.”

கடைக்கு போன் எடுத்து மறுநாளுக்கு லீவு சொன்னேன். நுகேகொடை பஸ் ஸ்டாண்டில் ஒன்பது மணிக்குச் சந்திப்போம் என்றேன். சமையல் இருக்கிறது, ஒன்பதரைக்கு முந்தி வரமாட்டேன் என்றாள். எட்டே காலுக்கு நான் அங்கே நின்றேன்.